அம்மா தருவதா, அப்பா தருவதா?

ஸ்டெம் செல் மாற்று சிகிச்சையில் செல்கள் ஏறும் நாளுக்கு 'டே ஜீரோ' என்று பெயர். வெளியே காத்திருக்கும் சொந்தக்காரர்கள் உள்ளே ஏதோ பெரிய ஆபரேஷன் நடக்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். தியேட்டரும் கிடையாது, மயக்க மருந்தும் கிடையாது. ஹெப்பா ஃபில்டர் ஓடும் அறை, கம்பத்தில் தொங்கும் ஒரு பை, அதில் ரத்தத்தைவிடச் சற்று வெளிறிய சிவப்பில் கொஞ்சம் திரவம். மார்பில் பொருத்திய சென்ட்ரல் லைன் வழியாக ஒன்றிரண்டு மணி நேரத்தில் இறங்கிவிடும். உறைநிலையில் வைத்திருந்த செல்கள் என்றால், அவற்றைக் கெடாமல் காத்த ரசாயனத்தின் பூண்டு வாடை மறுநாள் வரை அறையில் நிற்கும். அவ்வளவுதான்.

விஷயம் சூடுபிடிப்பது மூன்றாம் நாளும் நான்காம் நாளும். பாதிப் பொருத்தம் மட்டுமே உள்ள அம்மாவோ அப்பாவோ தந்த செல்கள் என்றால், அந்த இரண்டு நாளும் சைக்ளோபாஸ்பமைடு என்ற மருந்து, உடல் எடையில் கிலோவுக்கு 50 மில்லிகிராம் வீதம் ஏறும். 1950-களின் கடைசியில் வந்த பழைய கீமோ மருந்து, விலையும் மலிவு. புதிதாக உள்ளே போன செல்களில் எவை நோயாளியின் உடம்பை அந்நியமாகப் பார்த்துப் படபடவென்று பெருகத் தொடங்கினவோ, அவற்றை அது தேடிப் பிடித்து ஒழித்துவிடும். முழுப் பொருத்தமுள்ள டோனர் கிடைக்காத எத்தனையோ குடும்பங்களுக்கு, சென்னையிலும் வேலூரிலும், மாற்று சிகிச்சை என்ற வாசலையே திறந்துவிட்டது இந்த மருந்துதான்.

ஆனால் அது ஒழிப்பவற்றில் இன்னொரு கூட்டமும் இருக்கிறது. ரத்தப் புற்றுநோய் திரும்பி வராமல் தடுப்பதில் அபாரத் திறமை கொண்டவை என்று இத்தாலிய மருத்துவர்கள் 2002-ல் உலகுக்கு அறிவித்த என்.கே. செல்கள், அதாவது இயற்கைக் கொல்லி செல்கள். உயிரைக் காக்கும் மருந்து, உயிரைக் காக்கக்கூடிய செல்லைக் கொல்கிறது. இந்த முரணை என்ன செய்வது என்பது ரத்தப் புற்றுநோய் மருத்துவத்தில் கொஞ்ச காலமாகவே ஓடிக்கொண்டிருக்கும் விவாதம். நம் ஊர் நோயாளிகளுக்கு அது எட்டாத ஆராய்ச்சி விவகாரம் போலத் தெரியலாம். உண்மையில் இந்தியாவுக்குத்தான் அது அதிகம் பொருந்தும்.

முதலில் பொருத்தக் கணக்கு. நம் உடம்பின் ஏறத்தாழ எல்லாச் செல்களின் மேற்பரப்பிலும் ஹெச்.எல்.ஏ. என்ற புரதங்கள் இருக்கின்றன. 6-ஆம் குரோமோசோமில் இவற்றுக்கான ஜீன்கள் ஒரே கொத்தாக இருப்பதால், அம்மாவிடமிருந்து ஒரு கொத்து, அப்பாவிடமிருந்து ஒரு கொத்து என்று பிள்ளைக்கு வரும். உடன்பிறந்த ஒருவரிடம் முழுப் பொருத்தம் இருப்பதற்கான வாய்ப்பு நாலில் ஒன்று. ஐந்தாறு பிள்ளைகள் இருந்த வீடுகளில் யாராவது ஒருவர் பொருந்திவிடுவார். ஒன்று, மிஞ்சினால் இரண்டு என்று நின்றுவிட்ட இன்றைய தி. நகர், மயிலாப்பூர் வீடுகளில் அந்தக் கணக்கு உதவாது.

அடுத்த வழி, ரத்த சம்பந்தமில்லாத டோனர். உலகம் முழுக்கப் பதிவு செய்தவர்கள் 4 கோடிக்கு மேல். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 2009-ல் தொடங்கிய தாத்ரி பதிவேட்டில் 5 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இருக்கிறார்கள். நாட்டின் மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் கடுகளவு. அதோடு, நூற்றாண்டுகளாகத் தத்தம் சாதிக்குள்ளேயே மணம் முடித்துவந்த ஆயிரக்கணக்கான சமூகங்கள் நம்முடையவை, ஹெச்.எல்.ஏ. வகைகள் அதற்கேற்பச் சிதறிக் கிடக்கின்றன. ஐரோப்பிய வம்சாவளியினருக்குக் கிடைப்பதைப் போல ஒரு இந்தியருக்கு டோனர் சுலபமாகக் கிடைப்பதில்லை. ஒரு வேடிக்கை: தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்றுப்படி தமிழ்நாட்டில் 28 சதவீதத் திருமணங்கள் சொந்தத்துக்குள்தான். மரபணு நோய்களுக்குக் காரணமென்று மருத்துவர்கள் கண்டிக்கும் இந்த வழக்கமே, தாய்மாமன் வீட்டிலோ அத்தை வீட்டிலோ எதிர்பாராமல் ஒரு முழுப் பொருத்த டோனரைத் தந்துவிடுவதும் உண்டு. தென்னிந்தியாவில் டோனர் தேடும்போது விரிந்த குடும்பத்தையும் பார்ப்பது அதனால்தான்.

எதுவும் அமையாவிட்டால்தான் பாதிப் பொருத்தம். வார்டில் எல்லோரும் சொல்வது 'ஹாப்லோ'. பெற்ற பிள்ளைக்கு அம்மாவும் அப்பாவும் கட்டாயம் பாதி பொருந்துவார்கள்; டோனர் இல்லையென்ற பேச்சுக்கே இடமில்லை. தேனாம்பேட்டை அப்போலோவில் குழந்தைகள் ரத்தவியல் மருத்துவர் ரேவதி ராஜின் குழு, சைக்ளோபாஸ்பமைடு முறையில் குழந்தைகளுக்குச் செய்த ஹாப்லோ மாற்றங்களின் அனுபவத்தை மருத்துவ இதழ்களில் தொடர்ந்து பதிவு செய்துவருகிறது.

பாதி பொருந்தினால் மீதிப் பாதி பொருந்தவில்லை என்றுதானே அர்த்தம்? அங்கேதான் ஆபத்து. டோனரின் நோயெதிர்ப்பு வீரர்களான டி செல்கள் புது உடம்புக்குள் போனதும், தோல், குடல், கல்லீரல் எல்லாவற்றையும் அந்நியமெனத் தாக்கும். ஜி.வி.ஹெச்.டி. எனப்படும் இந்தத் தாக்குதல் உயிரையும் வாங்கும். நோயாளியின் உடம்பில் எஞ்சியிருக்கும் டி செல்களோ எதிர்த்திசையில் வேலை செய்து, வந்த செல்களை வேரூன்ற விடாமல் விரட்டப் பார்க்கும்.

என்.கே. செல்லின் வேலைமுறை வேறு. தரமணியில் டைடல் பார்க் வாசலில் இரண்டு செக்யூரிட்டி நிற்பதாக வைத்துக்கொள்வோம். முதல் ஆள் கழுத்தில் தொங்கும் ஐ.டி. கார்டை வாங்கி, போட்டோ சரியாக இருக்கிறதா, வேறு கம்பெனியா என்று பார்ப்பார். அவர்தான் டி செல். இரண்டாமவருக்குப் போட்டோவைப் பற்றிக் கவலையே இல்லை. தனக்குப் பழக்கமான கார்டு கழுத்தில் தொங்குகிறதா என்பது மட்டும்தான் கேள்வி. தொங்கினால் கையைக் கட்டிக்கொள்வார். இல்லாவிட்டால் பாய்ந்துவிடுவார். அவர் என்.கே. செல். புற்றுநோய் செல்களும் வைரஸ் புகுந்த செல்களும் டி செல்லின் கண்ணில் படாமலிருக்கத் தங்கள் ஹெச்.எல்.ஏ. கார்டைக் கழற்றி ஒளித்துவிடுவது வழக்கம். முதல் ஆளை ஏமாற்றும் அதே தந்திரம் இரண்டாமவரிடம் மாட்டிவிடுகிறது.

ரத்தத்தில் ஓடும் லிம்போசைட்டுகள் என்ற வெள்ளணுக்களில் என்.கே. செல்கள் ஏறத்தாழ 5 முதல் 15 சதவீதம். 1975-ல் ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் ரோல்ஃப் கீஸ்லிங்கும் இவா கிளைனும் ஹான்ஸ் விக்செலும், அதே காலத்தில் அமெரிக்காவில் ரொனால்ட் ஹெர்பர்மேனும், எந்த முன்பயிற்சியும் இல்லாமலே சோதனைக் குழாயில் புற்றுநோய் செல்களைக் கொல்லும் இந்தச் செல்களை அடையாளம் கண்டார்கள். சோதனைப் பிழை என்று ஒதுக்கியவர்களும் இருந்தார்கள். கிளாஸ் காரே என்ற ஸ்வீடன் ஆராய்ச்சியாளர்தான் 1981-ல் தன் முனைவர் பட்ட ஆய்வேட்டில் விஷயத்தைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டார்: இந்தச் செல் தேடுவது அந்நியத்தின் இருப்பை இல்லை, சுயத்தின் இல்லாமையை. 1986-ல் எலிகளில் அதை நிரூபித்தும் காட்டினார். கார்டைப் பார்த்துக் கையைக் கட்ட வைக்கும் 'கிர்' என்ற ஏற்பிகளை, பின்னாளில் இத்தாலியின் மொரெட்டா சகோதரர்களின் ஆய்வுகள் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தன.

இந்தக் கிர் ஏற்பிகளுக்கான ஜீன்கள் இருப்பது 19-ஆம் குரோமோசோமில். ஹெச்.எல்.ஏ. இருப்பதோ 6-ல். இரண்டும் தனித்தனியாகப் பிள்ளைகளுக்குப் போகின்றன. ஆகவே ஹெச்.எல்.ஏ. அச்சு அசலாகப் பொருந்தும் அண்ணன் தம்பிக்குக்கூடக் கிர் வேறு வேறாக இருக்கலாம்.

பெருஜியா என்ற இத்தாலிய நகரத்துக்கு வருவோம். இஸ்ரேலின் யாயிர் ரைஸ்னரோடு சேர்ந்து அங்குள்ள மருத்துவர்கள் 1990-களிலேயே ஹாப்லோ மாற்றத்தைத் துணிந்து செய்துவந்தார்கள். அவர்கள் கண்ட வழி, டோனர் செல்களிலிருந்து டி செல்களைக் கிட்டத்தட்ட முழுக்க வடிகட்டிவிட்டு, ஸ்டெம் செல்களை அளவுக்கு மீறி ஏற்றுவது. டி செல் இல்லையென்றால் ஜி.வி.ஹெச்.டி. இல்லை. ஆனால் புற்றுநோயை வேட்டையாடுவதிலும் டி செல்லுக்குப் பங்கு உண்டு. வேட்டைக்காரனை வெளியே நிறுத்தினால் நோய் திரும்பாதா? சிலருக்குத் திரும்பியது, சிலருக்குத் திரும்பவில்லை. இந்த வித்தியாசத்துக்குக் காரணம் தேடிப் போனார்கள் லோரெடானா ருஜேரியும் ஆந்த்ரேயா வெலார்டியும்.

ஒரு உதாரணம். ஹெச்.எல்.ஏ.-சி புரதம் இரண்டு பெரிய வகைகளாகப் பிரியும்: சி1, சி2. பிள்ளைக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் சி2 வந்திருக்கிறது. அப்பாவுக்கும் இரண்டுமே சி2. அம்மாவுக்கு மட்டும் ஒன்று சி1, மற்றது சி2. அம்மாவின் என்.கே. செல்களில் ஒரு பகுதிக்குத் தெரிந்த ஒரே கார்டு சி1. பிள்ளையின் உடம்பில் அந்தக் கார்டே இல்லை. கையைக் கட்டிப்போட ஆளில்லாததால் அவை பாய்கின்றன. அப்பாவின் செல்களிடம் இந்த வேகம் இருக்காது. பார்க்கிற இடமெல்லாம் சி2.

2002-ல் 'சயின்ஸ்' இதழில் அவர்கள் வெளியிட்ட முடிவைப் படித்த ரத்தவியல் மருத்துவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஏ.எம்.எல். என்ற வகை ரத்தப் புற்றுநோயில், இப்படிப் பாயக்கூடிய என்.கே. செல்களைத் தந்த டோனர் வாய்த்தவர்களில் ஐந்து ஆண்டு முடிவில் நோய் திரும்பியது 0 சதவீதம். வாய்க்காதவர்களில் 75 சதவீதம். நோயாளிகள் சில டஜன் பேர்தான். அப்படியே நம்பிவிட முடியாத அளவுக்கு அழகான எண்கள். 2007-ல் 112 பேரை வைத்து மறுபடி கணக்கிட்டபோது, நோய் கட்டுக்குள் இருந்த நிலையில் மாற்று சிகிச்சை பெற்றவர்களில் அது 3-க்கு 47 என்று ஆயிற்று. அப்போதும் வித்தியாசம் பிரமாதமானதுதான்.

எலிகளில் தெரிந்த காரணம் இன்னும் சுவையானது. பாயும் என்.கே. செல் மூன்று வேலைகளை ஒரே நேரத்தில் முடிக்கிறது. புற்றுநோய் செல்களைக் கொல்கிறது. எஞ்சியிருக்கும் நோயாளியின் டி செல்களைக் கொன்று புதுச் செல்கள் வேரூன்ற இடம் செய்கிறது. ஜி.வி.ஹெச்.டி.யைத் தூண்டிவிடும் நோயாளியின் டென்ட்ரிடிக் செல்களையும் தீர்த்துக்கட்டுகிறது. தோலையும் குடலையும் மட்டும் விட்டுவிடுகிறது; ஆரோக்கியமான திசுக்களில் அதைத் தூண்டும் ஆபத்துக்கால சமிக்ஞைகள் பெரிதாக இல்லாததே காரணம்.

இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. பெருஜியாவின் பலன் ஏ.எம்.எல்.-க்குத்தான். பெரியவர்களின் ஏ.எல்.எல். வகையில் அது தென்படவில்லை. குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோயில் ஏறத்தாழ முக்கால்வாசி ஏ.எல்.எல்.தான், அதில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு மாற்று சிகிச்சையே தேவைப்படாமல் கீமோவிலேயே குணமாகிவிடுகிறது. என்.கே. செல்லைப் பற்றிப் படித்துவிட்டு எல்லா நோயாளியின் பெற்றோரும் கிர் பரிசோதனைக்கு ஓட வேண்டியதில்லை.

பெருஜியா சொன்னதை பெய்ஜிங் ஒப்புக்கொள்ளவில்லை. அங்கே ஹுவாங் சியாவோஜுனின் குழு டி செல்களை வடிகட்டாமலே, வேறு மருந்துகளால் அடக்கி ஹாப்லோ செய்கிறது. அவர்கள் 2007-ல் பார்த்தபோது இதே கிர் பொருத்தமின்மை நோயாளிக்குக் கெடுதல் என்று வந்தது. யார் தருவது நல்லது என்ற கேள்வியிலும் இரண்டு ஊரும் எதிரெதிர். 2008-ல் பெருஜியா உள்ளிட்ட ஐரோப்பிய மையங்களின் கணக்கு, அம்மா தந்தால் பிழைப்பவர்கள் அதிகம் என்றது. கர்ப்ப காலத்திலேயே அம்மாவின் உடம்பு பிள்ளையின் செல்களோடு பழகியிருப்பதால் இருக்கலாம் என்பது அவர்கள் ஊகம். 2014-ல் பெய்ஜிங் தன் நோயாளிகளை எண்ணிப் பார்த்து, அப்பாவே மேல் என்றது. யாரும் பொய் சொல்லவில்லை. செல்களை எப்படித் தயார் செய்கிறார்கள், பின்னால் என்ன மருந்து தருகிறார்கள் என்பதைப் பொறுத்து ஒரே ஜீன் நல்லதாகவும் கெட்டதாகவும் ஆகிவிடுகிறது. பாட்டி வீட்டுத் திண்ணையில் நடக்கும் 'அம்மா சாடையா, அப்பா சாடையா' வாக்குவாதத்தைவிட இதற்குத் தீர்ப்பு சொல்வது கஷ்டம்.

மூன்றாவது வழி பால்டிமோரிலிருந்து வந்தது. ஜான்ஸ் ஹாப்கின்ஸின் லியோ லுஸ்னிக், எஃப்ராயிம் ஃபுக்ஸ் ஆகியோர் 2008-ல் வெளியிட்டதுதான் மூன்றாம், நான்காம் நாள் சைக்ளோபாஸ்பமைடு முறை. வடிகட்டும் கருவி வேண்டாம். டி செல்களோடேயே ஏற்றிவிட்டு, கோபத்தோடு பெருகும் டி செல்களை மட்டும் மூன்று நாள் கழித்து ஒழி. ஸ்டெம் செல்களிடம் இந்த மருந்தைச் செயலிழக்க வைக்கும் ஒரு என்சைம் இருப்பதால் அவை தப்பிவிடும்.

இந்தியா இதைப் பிடித்துக்கொண்டதில் ஆச்சரியம் இல்லை. டி செல்லை வடிகட்டும் காந்த முறைக்கான சாதனங்கள் இறக்குமதி. ஒரு நோயாளிக்கே பல லட்சம் கூடும். பணம் மட்டும் காரணமில்லை. வடிகட்டிய பிறகு உடம்பில் டி செல்கள் மறுபடி தலையெடுக்க மாதக் கணக்கில் ஆகும். பெருஜியாவிலேயே பலரைக் கொண்டுபோனது நோயைவிடத் தொற்றுதான். நம் ஊரில் அந்த இடைவெளி இன்னும் பயங்கரமானது. 2010-ல் லான்செட் குழும இதழில் வெளியாகிப் பெரும் பரபரப்பைக் கிளப்பிய என்.டி.எம்.-1 கிருமிகள் நினைவிருக்கலாம். கடைசிக் கையிருப்பான ஆன்டிபயாட்டிக்குகளுக்கும் மசியாதவை. அந்த ஆய்வின் முதல் ஆசிரியர் கார்த்திகேயன் குமாரசாமி, தரமணியில் உள்ள சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஏ.எல். முதலியார் முதுகலை அடிப்படை மருத்துவ அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்தவர். அதில் பட்டியலான கிருமிகளில் 44 சென்னையில் எடுக்கப்பட்டவை. இப்படிப்பட்ட சூழலில், மாதக் கணக்கில் எதிர்ப்புசக்தி இல்லாமல் ஒரு பிள்ளையை வைத்திருக்க எந்த மருத்துவர் துணிவார்?

கையில் இருப்பதற்கேற்ப வைத்தியத்தை வகுத்துக்கொள்வது சென்னைக்குப் புதிதும் இல்லை. 1954-ல் முத்துலட்சுமி ரெட்டி அடையாறில் 12 படுக்கைகளோடு தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனையில் பணியாற்றிய வி. சாந்தாவின் குழுவும், மும்பை டாடா நினைவு மருத்துவமனையும், டெல்லி எய்ம்ஸும் 1984 வாக்கில் அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் இயான் மக்ராத்தோடு உட்கார்ந்து, ஏ.எல்.எல்.-க்கு எம்.சி.பி.-841 என்ற சிகிச்சைத் திட்டத்தை வகுத்தார்கள். மேலைநாட்டுத் திட்டத்தை அப்படியே இறக்கினால் நம் பிள்ளைகள் நோய்க்கு முன் மருந்தாலும் தொற்றாலும் போய்விடுவார்கள் என்பது தெரிந்துதான் அது அளவெடுத்துத் தைக்கப்பட்டது. முன்பு ஐந்தில் ஒரு பிள்ளை தேறுவதே அரிதாக இருந்த நிலை மாறி, ஏறத்தாழ பாதிப் பேர் தேறினார்கள். கால் நூற்றாண்டுக்கு மேல் இந்தியாவின் பல மருத்துவமனைகள் அதைப் பின்பற்றின.

ஆனால் பால்டிமோர் முறையின் கணக்கில் என்.கே. செல் எந்தப் பக்கம் விழுகிறது? 2018-ல் மிலான் நகர ஆராய்ச்சியாளர்கள் நோயாளிகளின் ரத்தத்தை நாள் நாளாக எடுத்துப் பார்த்தார்கள். டோனரின் என்.கே. செல்கள் உள்ளே போன வேகத்தில் பெருகத் தொடங்குகின்றன. மூன்றாம் நாள் மருந்து ஏறியதும் சரிந்துவிடுகின்றன. ஸ்டெம் செல்லிடம் இருக்கும் அந்தக் காக்கும் என்சைம் பெருகும் என்.கே. செல்லிடம் இல்லை. பதினைந்தாம் நாளுக்குப் பிறகு புதிதாக முளைப்பவை முதிராதவை, கிர் இல்லாதவை. 99 நோயாளிகளை வைத்துப் பார்த்தபோது, ஏட்டுக் கணக்குப்படி பாயும் என்.கே. செல் வாய்த்தவர்களுக்கும் வாய்க்காதவர்களுக்கும் ஓராண்டு முடிவில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் ஏதும் இல்லை. பெருஜியாவின் 0-75 கணக்கு சைக்ளோபாஸ்பமைடில் கரைந்துவிட்டது.

ஆகவே ஒரு சென்னை மருத்துவர் 'அம்மாவா அப்பாவா' என்று முடிவெடுக்கும்போது, கிர் கடைசி வரிசையில்தான் நிற்கிறது. நோயாளியின் ரத்தத்தில் அந்த டோனருக்கு எதிரான ஆன்டிபாடி இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. பல பிள்ளைகள் பெற்ற தாய் நோயாளியாகி, மகன் டோனராக வரும்போது இது அடிக்கடி தலைவலி கொடுக்கும். அப்புறம் டோனரின் வயது, உடல்நிலை, ரத்த வகை, சி.எம்.வி. வைரஸ் நிலவரம். இந்த வரிசை நியாயமானது என்றே தோன்றுகிறது, பால்டிமோர் முறையே கடைசி வார்த்தையாக இருந்தால்.

இருக்கப் போவதில்லை என்பதற்கான அறிகுறிகள் உள்நாட்டிலேயே இருக்கின்றன. டெல்லியில் சுபர்ணோ சக்ரவர்த்தியும் சரிதா ஜெய்ஸ்வாலும் பல ஆண்டுகளாக இந்தச் சிக்கலையே குடைந்துகொண்டிருக்கிறார்கள். சைக்ளோபாஸ்பமைடு வேலையை முடித்துப் போன பிறகு, அதே டோனரின் என்.கே. செல்களைச் செறிவாக்கித் தனியாக ஏற்றிப் பார்த்த சிறு ஆய்வை 2017-ல் வெளியிட்டார்கள். மூட்டுவாதத்துக்குத் தரும் அபாடசெப்ட் என்ற மருந்தைச் சேர்த்து, டி செல்லை மட்டும் அடக்கி என்.கே. செல்லை விட்டுவைக்கும் முறையையும் முயல்கிறார்கள். அமெரிக்காவின் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தில் அதே 2017-ல், பரிசோதனைக் கூடத்தில் பல மடங்கு பெருக்கிய டோனர் என்.கே. செல்களை ஹாப்லோவுக்கு முன்பும் பின்பும் மூன்று தவணையாக 13 பேருக்குத் தரத் திட்டமிட்டுச் செய்த முதல்கட்ட ஆய்வு வெளியானது. ஏழாம் நாள் தவணை, கவனியுங்கள், நான்காம் நாள் மருந்து உடம்பை விட்டுப் போன பிறகுதான்.

சி.எம்.வி.யைப் பற்றி ஒரு வார்த்தை. மேலைநாடுகளில் பெரியவர்களில் பாதிப் பேருக்கு இந்த வைரஸ் தொற்றியிருக்கும். இங்கே பத்தில் ஒன்பது பேருக்கு மேல். மாற்று சிகிச்சைக்குப் பிறகு அது விழித்தெழுந்தால் பெரும் தொல்லை, மருந்துச் செலவு. ஆனால் அதை எதிர்த்தே பழகி, நினைவாற்றலோடு நீடித்திருக்கும் ஒரு தனி ரக என்.கே. செல் உருவாகிறது என்றும், அப்படி உருவானவர்களில் சிலருக்கு நோய் திரும்புவது குறைகிறது என்றும் மினசோட்டா ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். எல்லோரிடமும் சி.எம்.வி. இருக்கும் ஒரு நாட்டில் இந்தக் கணக்கு எப்படி வரும் என்பதை அந்த நாட்டு நோயாளிகளை வைத்துத்தான் சொல்ல முடியும்.

நம் மக்களின் கிர் ஜீன்கள் எப்படிப்பட்டவை என்ற கேள்விக்கு ஓரளவு பதில் இருக்கிறது, அதுவும் மதுரை வழியாக. மதுரை காமராஜர் பல்கலைக்கழகத்தில் ஆர்.எம். பிச்சப்பனின் நோயெதிர்ப்பியல் கூடத்திலிருந்து அமெரிக்கா போனவர் ராஜா ராஜலிங்கம். இருவரும் வேறு சிலரும் சேர்ந்து 2008-ல் பரவர், காணிக்காரர், முள்ளுக்குறும்பர் ஆகிய மூன்று தென்னிந்திய சமூகங்களின் கிர் ஜீன்களை ஆராய்ந்தார்கள். கிர் ஜீன் தொகுதிகளில் ஏ, பி என்று இரண்டு பெரும் வகை. ஏ-யில் கையைக் கட்டும் ஜீன்களே அதிகம். பி-யில் பாயத் தூண்டும் ஜீன்கள் கூடுதல். இந்தியாவின் பழங்குடி மக்களிலும், ஆஸ்திரேலிய, அமெரிக்கப் பூர்வகுடிகளிலும் பி வகை மிகுந்திருப்பதாக அவர்கள் கண்டார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து கடலோரமாகவே நடந்து வந்த ஆதிமனிதர்கள், வழியில் சந்தித்த கிருமிகளைச் சமாளிக்கச் சேர்த்துக்கொண்ட ஆயுதமாக இருக்கலாம் என்பது அவர்களின் விளக்கம்.

இதை மினசோட்டாவின் சாரா கூலி, ஜெஃப்ரி மில்லர் குழு 2009-ல் 448 ஏ.எம்.எல். நோயாளிகளை வைத்துச் சொன்னதோடு சேர்த்துப் பாருங்கள்: பி வகை கொண்ட டோனரிடமிருந்து செல் பெற்றவர்கள் நோயின்றி அதிக காலம் வாழ்ந்தார்கள். அப்படியென்றால் தூத்துக்குடிக் கடற்கரைக்காரர் ஒருவர் இயல்பிலேயே நல்ல டோனரா? ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் கிர் ஜீன்களை வைத்து டோனரைத் தேர்ந்தெடுக்கச் சொன்ன இன்னொரு சூத்திரத்தை 2020-ல் ஜெர்மன் ஆய்வாளர்கள் பெரிய எண்ணிக்கையில் சோதித்தபோது அது தேறவில்லை. பி வகை அரிதான மக்களிடையே உதவிய அளவுகோல், அது மலிந்த மக்களிடையே டோனரைப் பிரித்துக் காட்டவும் உதவாமல் போகலாம். பரிசோதனைச் செலவோ பெரிதில்லை, ஹெச்.எல்.ஏ.-வுக்கு எடுத்த அதே டி.என்.ஏ. மாதிரி போதும். இந்திய மையங்கள் ஹாப்லோ செய்யும் ஒவ்வொரு ஜோடிக்கும் கிர் விவரத்தைச் சேகரித்து ஒன்றாக வைத்தாலே சில ஆண்டுகளில் நம் பதில் நமக்குக் கிடைத்துவிடும். பெருஜியாவும் பெய்ஜிங்கும் சண்டை போடுவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

மாற்று சிகிச்சையே இல்லாமல் என்.கே. செல்லை மட்டும் மருந்தாகத் தரும் பாதையும் நீள்கிறது. 2005-ல் மில்லர், கைவிடப்பட்ட நிலையில் இருந்த 19 ஏ.எம்.எல். நோயாளிகளுக்குச் சொந்தக்காரர்களின் என்.கே. செல்களை ஏற்றினார், 5 பேருக்கு நோய் முற்றிலும் மறைந்தது. 2020 பிப்ரவரியில் எம்.டி. ஆண்டர்சனின் கேட்டி ரெஸ்வானி, தொப்புள்கொடி ரத்தத்தின் என்.கே. செல்களுக்கு மரபணு மாற்றத்தால் புது ஏற்பி பொருத்தி, லிம்போமாவும் நாள்பட்ட ரத்தப் புற்றுநோயும் இருந்த 11 பேருக்குத் தந்தார். 8 பேருக்குப் பலன், அதில் 7 பேருக்கு முழுப் பலன். இதே போல டி செல்லுக்கு ஏற்பி பொருத்தித் தரும் கார்-டி சிகிச்சையில் பயமுறுத்தும் கடும் காய்ச்சலும் மூளைப் பாதிப்பும் இல்லை. 2023-ல் இந்தியாவில் அனுமதி பெற்ற, ஐ.ஐ.டி. பம்பாயும் டாடா மருத்துவமனையும் உருவாக்கிய கார்-டி சிகிச்சையில் ஒவ்வொரு நோயாளியின் செல்லையும் தனித்தனியாக எடுத்துச் செய்ய வேண்டும். செலவு பல லட்சம். என்.கே. என்றால் ஒரு தொப்புள்கொடி ரத்தப் பையிலிருந்து பலருக்குத் தயாரித்து ஃப்ரீசரில் அடுக்கி வைக்கலாம். நுங்கம்பாக்கத்தில் ஜீவன் அமைப்பு பொதுத் தொப்புள்கொடி ரத்த வங்கி தொடங்கிய ஊர் சென்னை. தனியார் வங்கிகளும் இங்கே ஏராளம். சேமித்த பைகளுக்கு இப்படியொரு பயன் வரும் என்று பணம் கட்டிய பெற்றோர் யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். அந்தப் பயனும் பொது வங்கிப் பைகளுக்குத்தான் அதிகம். தனியார் சேமிப்பை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் பரிந்துரைப்பதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இந்த நம்பிக்கையின் நிழலில் வேறொரு வியாபாரமும் நடக்கிறது. 'உங்கள் ரத்தத்திலிருந்தே என்.கே. செல்களை எடுத்து, கோடிக்கணக்கில் பெருக்கி, உங்களுக்கே ஏற்றுகிறோம். பக்கவிளைவே இல்லை' என்ற ரக விளம்பரங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகின்றன. கடைசி நம்பிக்கையாக நகையை அடகு வைத்துப் போகிறவர்கள் உண்டு. இதுவரை சொன்ன கதையை நினைவில் வைத்தால் இதிலுள்ள ஓட்டை தெரியும். பெருஜியாவில் பாய்ந்தது அடுத்தவரின் செல். நோயாளியின் கார்டு அதற்குப் பழக்கமில்லாததால் பாய்ந்தது. சொந்த என்.கே. செல்லுக்குச் சொந்தக் கார்டு நன்றாகவே தெரியும். 2011-ல் அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் ஸ்டீவன் ரோசன்பெர்க் குழு, மெலனோமாவும் சிறுநீரகப் புற்றும் இருந்தவர்களுக்கு அவரவர் என்.கே. செல்களையே பெருக்கி ஏற்றியது. ரத்தத்தில் செல்கள் வாரக் கணக்கில் நிறைந்திருந்தன. ஒருவருக்கும் கட்டி சுருங்கவில்லை.

யாராவது என்.கே. சிகிச்சை என்று சொன்னால் மூன்று விஷயங்களைக் கேட்கலாம். யாருடைய செல்? என் நோய் எந்த வகை? இது ஆய்வு என்றால் சி.டி.ஆர்.ஐ. எனப்படும் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் அதன் எண் என்ன? பதிவான ஆய்வின் விவரத்தை அந்த இணையதளத்தில் எவரும் இலவசமாகப் பார்க்கலாம். ஆய்வில் சேருகிறவரிடம் ஆய்வுக்கான சிகிச்சைக்குப் பணம் வாங்கக் கூடாது என்பதே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் நெறிமுறை. எண்ணைச் சொல்லாமல் பேக்கேஜ் விலையை மட்டும் சொன்னால், எழுந்து வந்துவிடலாம்.